ரைடர் 0417-க்கு நான் செய்தது

காலை ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம். கிள்ளிப்பாலம் சந்திப்பில் முதலில் கண்ணில் பட்டவை செங்கற்கள். நடைபாதையை ஒட்டி, மூன்று மூன்றாக, பாலம் வரைக்கும். ஒவ்வொரு மூன்றிலும் ஒரு கல்லில் சாக்பீஸால் பெயர் எழுதியிருந்தது. ஷீலா, லதாகுமாரி, பிந்து ஃபேமிலி. ஒரு கல்லில் 'மீனா' என்று இருந்தது. அது என் மனைவியின் பெயர். எழுத்து என்னுடையது.

மறுநாள் ஆற்றுக்கால் பொங்காலை. ஊர்ப் பெண்கள் தெருவெங்கும் செங்கல் அடுப்பு மூட்டி அம்மனுக்குப் பொங்கலிடும் நாள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு இந்தச் சாலைகளைப் போலீஸ் அடைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதை எங்கள் கூரியர் கம்பெனியின் மென்பொருளுக்குச் சொல்ல வேண்டியது என் வேலை. நான் சொல்லவில்லை. மறந்துபோகவில்லை... சொல்லவில்லை! வேண்டுமென்றே.

அதனால் ஒரு மனிதர் வேலையை இழந்தார். மென்பொருள்தான் அவர் வேலையைப் பறித்தது என்று ஓராண்டாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். நீங்கள் கேட்டிருந்தால் உங்களிடமும் அதையே சொல்லியிருப்பேன். நம்பும்படியாகச் சொல்லியிருப்பேன். அது என் பழைய தொழில்.

ஒரு தமிழ் நாளிதழுக்குத் திருவனந்தபுரத்தில் பதினான்கு ஆண்டுகள் நிருபராக இருந்தேன். ஆண்டுதோறும் பொங்காலைச் செய்தி எழுதினேன். முதல் வாக்கியம் மாறாது. ஆண்டை மட்டும் மாற்றுவேன். எந்தச் சாலை எத்தனை மணிக்கு அடைபடும், எந்தப் பேருந்து எங்கே திரும்பும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பிறகு நாளிதழ் தன் திருவனந்தபுரம் பக்கத்தை நிறுத்திக்கொண்டது. பத்து மாதம் வீட்டில் இருந்தேன். அதன்பின் கிள்ளிப்பாலத்தில் இருக்கும் இந்தக் கூரியர் கிடங்கில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தேன்.

இந்த விவரங்களை இரக்கம் தேடிச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்ற சாக்கு கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மென்பொருள் அந்தப் பொங்காலைக்கு முந்தைய ஓணத்தின்போது வந்தது. அதுவரை கூரியர்காரர்கள் காலை ஏழு மணிக்கு வருவார்கள், பைகளைத் தாங்களே அடுக்குவார்கள், கிளம்புவார்கள். அதன்பிறகு அடுக்குவது மென்பொருளின் வேலையாயிற்று. யார், எந்தத் தெருவுக்கு, எந்த வரிசையில், எத்தனை வினாடியில்... எல்லாம் அதன் தீர்மானம். மறுநாள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதே இரவு ஒன்பதுக்குத்தான் செல்பேசியில் வரும். ஒருநாள் ஆறேகால். ஒருநாள் எட்டு பத்து. ஏன் என்று கேட்க ஆள் இல்லை. வரிசையை மாற்றினால் 'வழி விலகல்' என்று சிவப்பு விழும். சிவப்பு விழுந்தால் மதிப்பெண் குறையும்.

மதிப்பெண் நூற்றுக்கு. அடுத்தடுத்து இரண்டு வாரம் எண்பதுக்குக் கீழே போனால் அந்த ஆளின் ரூட் பறிபோகும். அவர் காத்திருப்புப் பட்டியலுக்குப் போவார். கூடுதல் சரக்கு இருக்கும் நாளில் மட்டும் கூப்பிடுவார்கள். இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை அவ்வளவு முக்கியமில்லை.

எங்கள் ஆட்கள் மென்பொருளுக்கு 'அம்மாவன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மலையாளத்தில் தாய்மாமன். கேட்காமலே எல்லாவற்றிலும் தலையிடும் உறவு! அந்தப் பெயரை வைத்தவர் இசக்கிமுத்து.

இசக்கிமுத்து, ரைடர் எண் 0417. நாற்பத்தேழு வயது. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பேச்சின் முடிவில் மலையாளத்துக் 'கேட்டோ' ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவி செல்வி ஒரு மாணவியர் விடுதியில் சமையல். இருவரும் மணக்காட்டில் ஓர் ஒற்றை அறையில் இருந்தார்கள். ஸ்ரீவராகமும் மணக்காடும் பதினொரு ஆண்டுகளாக அவருடைய ரூட்.

"நாப்பத்தேழு வயசுல என்னைய 'பாய்'னு கூப்பிட வேற எந்த வேலையில சார் ஆளு உண்டு?" என்பார். "டெலிவரி பாய்! கேக்கவே குளுகுளுன்னு இருக்கு கேட்டோ."

அவர் பைகளை அடுக்கியது தூரத்தை வைத்து அல்ல, ஆளை வைத்து. ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டில் பூஜை முடியாமல் கதவு திறக்காது. பத்தரைக்கு மேல்தான் போக வேண்டும். பக்கத்து வீட்டு ஆசிரியை நாலேகாலுக்கு வருவார். மூன்றாவது வீட்டில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் எப்போதும் இருப்பார். ஆனால் பத்து நிமிடம் பேசாமல் விடமாட்டார். அவரைக் கடைசியில் வைக்க வேண்டும்.

அம்மாவன் இந்த மூன்று வீடுகளையும் அடுத்தடுத்து வைத்தார். ஒன்றுக்குத் தொண்ணூறு வினாடி. மூன்று வீட்டுக்கும் பொதுச்சுவர் என்பதால் வரைபடத்தில் மூன்றும் ஒரே புள்ளி. கதவு எண்ணிலும் பழையது ஒன்று, புதியது ஒன்று. இசக்கிமுத்து ஒரே தெருவுக்கு மூன்று முறை போனார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு!

நான் புகார் எழுதினேன். ஒன்றல்ல, பதினேழு. தேதி, நேரம், தெரு, காரணம் எல்லாம் போட்டு. கொச்சியில் இருக்கும் வட்டார மேலாளர் அனூப் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். மரியாதையானவர். அதுதான் எரிச்சல்.

"சங்கரேட்டா, ஃபீலிங் வேண்டா. டேட்டா தரூ."

ஃபீலிங்! பதினான்கு ஆண்டுகள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் இரண்டு ஆதாரம் வைத்திருந்தவன் நான். தொலைபேசியை வைத்த பிறகும் அந்த வாக்கியம் காதிலேயே நின்றது. டேட்டா வேண்டுமா... தருகிறேன்.

உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நிருபர் வேலையில் ஒரு நோய் உண்டு. சாலைக் கடைத்தெருவில் ஒரு சாக்கடை மூடி உடைந்து கிடந்ததைத் திங்கட்கிழமை பார்த்தேன். புகைப்படம் எடுத்தேன். மாநகராட்சிக்குச் சொல்லவில்லை. வியாழக்கிழமை ஒருவர் சைக்கிளோடு அதில் விழுந்தார். வெள்ளிக்கிழமை என் படம் நான்கு பத்தியில் வந்தது. ஆசிரியர் பாராட்டினார். அன்று எனக்கு உறுத்தவில்லை. அந்த நோய் கூரியர் கிடங்குக்கும் என்னோடு வந்தது.

என் மேசையில் 'சாலைத் தடை' என்று ஒரு படிவம் உண்டு. ஊர்வலம், குழாய் பதிப்பு, கோயில் ஆறாட்டு... எந்தத் தெரு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று நிரப்பினால் மென்பொருள் அதற்கு மட்டும் கீழ்ப்படியும். அந்தந்த நாள் காலை ஆறரைக்குள் நிரப்ப வேண்டும். அதன்பின் படிவம் பூட்டிக்கொள்ளும். அதுவரை ஒருநாள்கூட நான் அதைத் தவறவிட்டதில்லை.

பொங்காலை நாள் விடுமுறை என்பது தலைமையகத்துக்குத் தெரிந்திருந்தது. எனவே அன்றைய சரக்கை முந்தைய நாளுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆனால் பொங்காலைக்கு முந்தைய நாளே ஊர் அடைபட்டுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நண்பகலுக்கே பெண்கள் பானையும் விறகுமாக வந்து இறங்குவார்கள், இரண்டு மணிக்குத் தடுப்பு விழும், மணக்காட்டில் ஆட்டோகூட நுழையாது... படிவம் சொல்லாவிட்டால் மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? நான்கைந்து ரூட் ஒரே பிற்பகலில் குப்புற விழும். வரைபடத்தில் அப்பட்டமாகத் தெரியும். அனூப் கேட்ட டேட்டா.

இதுதான் என் திட்டம். பெரிய வார்த்தைதான்... ஆனால் திட்டம்தான்.

அந்தக் காலைக்கு முந்தைய மாலை இசக்கிமுத்து எங்கள் வலியசாலை வீட்டுக்கு வந்தார். பொங்காலை அடுப்புக்குச் செங்கல் வேண்டும் என்று மீனா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தன் மனைவிக்கு மூன்று, மீனாவுக்கு மூன்று என்று ஆறு கல்லைப் பார்சல் பையில் சுமந்து வந்திருந்தார்.

"சாரே, இத ஸ்கேன் பண்ணணுமா? இல்ல, சும்மா டெலிவரி பண்ணிரட்டா?"

"கையெழுத்துப் போடணுமாய்யா?" என்றாள் மீனா.

"ஓடிபி சொல்லுங்கக்கா. இல்லேன்னா கல்லு திரும்பப் போயிரும் கேட்டோ."

மூவரும் சிரித்தோம். நானும் அவரும் போய்ச் சந்திப்பில் கல்லை வைத்தோம். மீனாவுக்கும் செல்விக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். சாக்பீஸ் என் சட்டைப்பையில் இருந்தது. இரண்டு பெயரையும் நான்தான் எழுதினேன்.

திரும்பி வந்ததும் மீனா, "நாளைக்கு ரெண்டு மணிக்கு மேல ஒரு வண்டியும் வராதாக்கும். வெல்லமும் முந்திரியும் கார்த்தாலயே வாங்கிடுங்கோ" என்றாள். என் மனைவிக்குத் தெரிந்தது. வெல்லக்கடைக்காரருக்குத் தெரிந்தது. ஊருக்கே தெரிந்தது.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். கிடங்குக்குள் நுழைந்தேன். கணினியைத் திறந்தேன். ஆறு மணி நாலு நிமிடம். படிவம் காலியாக இருந்தது. நிரப்ப மூன்று நிமிடம் போதும். இருபத்தாறு நிமிடம் கையில் இருந்தது.

இசக்கிமுத்து ஆறு பத்துக்கு வந்தார். நூற்றுப் பன்னிரண்டு பார்சல். வழக்கமாக எழுபது. காலையில் பாப்பனங்கோடு, பிற்பகலில் மணக்காடும் ஸ்ரீவராகமும் என்று வரிசை வந்திருந்தது. செல்பேசியை என் மேசையில் வைத்தார்.

"சாரே, ரெண்டு மணிக்கு ரோட்ட அடைச்சிருவாவல்லா? இவரு மணக்காட்ட மத்தியானம் வச்சிருக்காரே. அம்மாவனுக்குத் தெரியுமா? இல்லேன்னா நான் இப்பவே மணக்காட்ட முடிச்சிட்டு அங்க போறேன். செவப்பு விழுந்தாலும் கொஞ்சந்தான் விழும்."

சரியான யோசனை. மிகச் சரியான யோசனை! அவர் அதைச் செய்திருந்தால் சில மதிப்பெண் போயிருக்கும். பார்சல் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் என் டேட்டா?

"போட்டிருக்கேன் இசக்கி. மத்தியானம் வரிசை தானா மாறும். நீங்க அது சொல்றபடியே போங்க. போன வாரம் எழுபத்தொன்பது, ஞாபகம் இருக்கா?"

ஆம். போன வாரம் அவர் மதிப்பெண் எழுபத்தொன்பது. இன்னும் ஒரு வாரம் எண்பதுக்குக் கீழே போனால் ரூட் போய்விடும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவருடைய பயத்தையே எடுத்து என் பொய்க்கு முட்டுக் கொடுத்தேன்.

"நீங்க போட்டுட்டீகன்னா பின்ன என்ன" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

ஆறரைக்குப் படிவம் பூட்டிக்கொண்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வரைபடத்தில் அவர் ஒரு நீலப் புள்ளி. ஒரு மணி நாற்பதுக்குப் பாப்பனங்கோட்டை முடித்தார். அறுபத்திரண்டு பார்சல், ஒன்றுகூடத் தவறவில்லை. இரண்டு இருபதுக்கு அட்டக்குளங்கரையிலிருந்து அழைத்தார். பின்னணியில் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு.

"சார், இங்க தடுப்பு போட்டாச்சு. லிஸ்ட்டு மாறவே இல்லியே?"

"ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க."

"பண்ணிட்டேன் சார். நாலு தடவ."

"இன்னொரு தடவை பண்ணுங்க. கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தார். பதினைந்து நிமிடம் பொறுத்தார். பிறகு வண்டியை அங்கேயே ஒரு கடை வாசலில் நிறுத்திவிட்டு, இரண்டு பைகளையும் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மற்ற ரூட்காரர்கள் மூவர் திட்டிக்கொண்டே திரும்பிவிட்டார்கள். அவர்கள் மதிப்பெண் தொண்ணூறுக்கு மேல். ஒரு பிற்பகலைத் தாங்கும். இவரிடம் அந்த இடைவெளி இல்லை.

நீலப் புள்ளி ஊர்ந்தது. 'வாகனம் அசையவில்லை, காரணம்?' என்று மென்பொருள் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கேள்வியும் என் திரையிலும் வரும். அடுப்புக் கற்களுக்கு நடுவே, பானைகளுக்கு நடுவே, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு நடுவே, தலைக்கு மேல் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு... இதை நான் பார்க்கவில்லை. பிறகு அவர் சொன்னார். நான் பார்த்தது புள்ளியை மட்டும்.

வீடுகளில் ஆள் இல்லை. பெண்கள் எல்லோரும் தெருவில் இடம் காத்திருந்தார்கள். ஆண்கள் வெல்லத்துக்கும் அடுப்பெரிக்கும் கொதும்புக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள். ஏழு பத்துக்குத் திரும்பி வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"ஒம்பது கொடுத்தேன் சார். மீதி நாப்பத்தொண்ணு திரும்பி வந்தாச்சு. அம்மாவன் என்னைய ஆளுன்னு நெனைக்கல, ஹெலிகாப்டர்னு நெனச்சிட்டாரு போல."

சிரிப்பு வரவில்லை, அவருக்கும்.

"சார்... நீங்க போட்டீகல்லா?"

"போட்டேன்."

அவர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

மறுநாள் காலை கிள்ளிப்பாலத்தில் மீனாவின் அடுப்பும் செல்வியின் அடுப்பும் பக்கத்துப் பக்கத்தில். பத்து மணிக்குக் கோயிலில் தீ மூட்டியதும் ஊர் முழுக்கப் புகை. நான் தண்ணீர்க் குடத்தோடு பின்னால் நின்றேன். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டே மீனாவிடம் சொன்னாள்: "அவுக கால பாக்கணுமேக்கா. வீங்கிக் கெடக்கு. செருப்பு போட முடியல."

மீனா திரும்பி என்னைப் பார்த்தாள். "ஏன்னா, நீங்க அந்த ரோடு விஷயத்தைக் கம்ப்யூட்டர்ல போடலையா?"

"போட்டேன். அது எடுத்துக்கலை."

"என்ன எழவு மெஷினோ!" என்று மீனா மறுபடி கரண்டியைப் பானைக்குள் விட்டாள். பிற்பகலில் பூசாரி தீர்த்தம் தெளித்துப் போனதும் செல்வி எனக்காக ஒரு வாழையிலைத் துண்டில் முதல் பொங்கலை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். தின்றேன்.

அன்று மாலை அறிக்கையை எழுதினேன். வரைபடம், நேரம், தெரு, புள்ளி நகர்ந்த வேகம்... இரக்கம் கெஞ்சும் ஒரு சொல்கூட இல்லாமல். நான் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், வெட்கமில்லாமல்! அனூப்புக்கு அனுப்பினேன். கிடங்கில் எல்லோருக்கும் காட்டினேன். 'சார் நமக்காக எழுதியிருக்கிறார்' என்று பேச்சானது.

மூன்றாம் நாள் அனூப் அழைத்தார்.

"சங்கரேட்டா, ரிப்போர்ட் சூப்பர். பக்ஷே ஒரு டவுட். சாலைத் தடை ஃபார்ம் காலியாணல்லோ?"

தொலைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"சாரமில்லா சேட்டா, பரவாயில்ல. கேஸ் க்ளோஸ் செய்யணும். ஒரு காரணம் செலக்ட் செய்தால் மதி, அது போதும். இன்னைக்குத் தன்னே வேணும்."

இணைப்பு வந்தது. திறந்தேன். 'தோல்விக்கான காரணம்' என்று ஒரு கட்டம். அதை அழுத்தினால் மூன்று வரிகள். ஒன்று, 'மென்பொருள் பிழை'. இரண்டு, 'ஒருங்கிணைப்பாளர் பதிவு செய்யவில்லை'. மூன்று, 'ரைடர் முன்கூட்டித் தெரிவிக்கவில்லை'.

முதல் வரி சாம்பல் நிறத்தில் இருந்தது. அழுத்தினேன். அசையவில்லை. மறுபடி அழுத்தினேன்... பக்கத்தை மூடித் திறந்து அழுத்தினேன்... அது அழுத்துவதற்காக வைத்த வரி இல்லை! படிப்பதற்கு மட்டும் வைத்திருந்தார்கள்.

என் திட்டம் முழுக்க அந்த ஒரு வரிக்காகத்தான். ஒரு மனிதரை நாலரை மணி நேரம் நடக்க விட்டது அந்த வரிக்காகத்தான். அது திறக்கவே திறக்காது என்று யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதினேழு புகார் எழுதியவனுக்கு இது தெரியவில்லை.

மீதி இரண்டு வரிகள். ஒன்று நான். ஒன்று அவர்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. வேலையில்லாத அந்தப் பத்து மாதம் எப்படி இருந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அது சாக்காகிவிடும். எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நான்கு நிமிடம்கூட இல்லை. மூன்றாவது வரியை அழுத்தினேன். 'உறுதியா?' என்று கேட்டது. 'ஆம்' என்றேன்.

முன்கூட்டித் தெரிவிக்கவில்லையாம்! காலை ஆறு பத்துக்கு என் மேசைக்கு எதிரே நின்று, சாலை, நேரம், மாற்று வழி மூன்றையும் சொன்ன மனிதர்!

அந்த வாரம் அவர் மதிப்பெண் ஐம்பத்தெட்டு. திங்கட்கிழமை ஸ்ரீவராகம் ரூட் இரண்டாகப் பிரிந்து பக்கத்து ரூட்களோடு சேர்ந்துகொண்டது. மென்பொருளின் கணக்குப்படி அது நல்ல மாற்றம். எரிபொருள் மிச்சம் என்று ஒரு பச்சைக் குறி வந்தது.

இசக்கிமுத்து காத்திருப்புப் பட்டியலுக்குப் போனார். தினமும் ஆறு மணிக்குச் செல்பேசியில் 'இன்று தேவையில்லை' என்று வரும். முதல் இரண்டு வாரம் அதைப் பார்த்த பிறகும் சீருடையோடு கிடங்கு வாசலுக்கு வந்து நின்றார். யாராவது விடுப்பு எடுத்தால் உடனே கிளம்பலாமே என்று. நான் பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தேன்.

பிறகு பொன்முடி வந்தது. மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவுகள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள். யாரும் எடுக்காத ரூட் என்பதால் பட்டியலில் இருப்பவருக்குத் தள்ளுவார்கள். மறுத்தால் மதிப்பெண் இன்னும் குறையும். மறுக்கவில்லை. லயத்து வீடுகளுக்கு எண் கிடையாது. மென்பொருள் எல்லா வீட்டையும் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் ஒரே புள்ளியாகக் குத்தியிருந்தது. பழைய பைக்கில் விடியும் முன்னே கிளம்பி, மழையில் ஏறி இறங்கி, நான்கு மாதம் ஓட்டினார். செல்வி விடுதியிலிருந்து திரும்பும்போது அவர் வீட்டில் இருப்பதில்லை. அவர் திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். ஆடி மழையில் ஒரு வளைவில் வண்டி சரிந்தது. முழங்கையில் அடி. அதன்பிறகு அவர் செயலியைத் திறக்கவில்லை. முப்பது நாள் திறக்காவிட்டால் அது கணக்கை அழித்துவிடும். அழித்தது.

நான் ஒரு வரி எழுதினால் போதும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் எனக்குத் தெரியும். 'தவறான காரணம் தேர்வு செய்யப்பட்டது, திருத்தவும்.' ஐந்து சொற்கள். தலைப்புகளைச் சொல் எண்ணி எழுதிப் பழகியவனுக்கு அது ஒரு வேலையே இல்லை.

எழுதவில்லை.

இந்த ஜனவரியில் அவரைக் கரமனையில் ஒரு சைவ ஹோட்டலில் பார்த்தேன். இட்லி வாங்கப் போயிருந்தேன். பார்சல் கட்டும் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது... அதை நான் தவறாகப் படிக்கவில்லை. மலர்ந்தது.

"சாரே! இப்பவும் பார்சல்தான் கேட்டோ. என்ன, சாம்பார மட்டும் தனியாக் கட்டணும்."

"கை எப்படி இருக்கு இசக்கி?"

"மடக்கும்போது கொஞ்சம் பிடிக்குது. அம்மாவன் ஞாபகமா வச்சிருக்கேன்." நூலைச் சுற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "செல்வி இப்பவும் சொல்லுவா சார். இந்த ஊர்ல நமக்காக எழுதுன ஒரே ஆளு சார்தான்னு. நீங்க எழுதுனது நடக்கல, அது வேற. ஆனா எழுதுனீகல்லா."

"இசக்கி, அந்தப் படிவம்..." என்று ஆரம்பித்தேன். சத்தியமாக ஆரம்பித்தேன்.

"ரெண்டு மசால் தோசை, வேகம்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவர் கையை உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டிவிட்டு ஓடினார். திரும்பி வந்து என் பொட்டலத்தில் இன்னொரு சட்னிப் பையைப் போட்டார். "அக்காவுக்கு. தேங்கா சட்னி பிடிக்கும்லா."

காத்திருந்து சொல்லியிருக்கலாம். பின்னால் மூன்று பேர்தான் நின்றார்கள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

உங்களிடம் சொல்வது எளிது. நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. கூடுதலாகச் சட்னி வைக்கப் போவதில்லை. இதைச் சொல்லிவிட்டதால் ஏதாவது இறங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். இறங்கவில்லை. மென்பொருள்மேல் இருந்த கோபம்கூட அப்படியே இருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது! அதுதான் தாங்கமுடியவில்லை. பதினேழு புகாரும் உண்மை. அறிக்கையில் ஒவ்வொரு வரியும் உண்மை. பொய் சொன்னது நான் ஒருவன்தான்.

இந்த ஆண்டுப் பொங்காலைக்குச் செங்கல்லை நானே வாங்கி வந்தேன். மூன்று. முந்தைய நாள் காலை ஆறு மணிக்குக் கிடங்கில் கணினியைத் திறந்து, சாலைத் தடைப் படிவத்துக்குப் போனேன். நிரப்ப வேண்டிய தேவை இருக்கவில்லை. மணக்காடு, ஸ்ரீவராகம், அட்டக்குளங்கரை, கிள்ளிப்பாலம்: பிற்பகல் இரண்டு மணி முதல் அடைப்பு என்று மென்பொருள் தானாகவே குறித்திருந்தது. அந்தத் தெருக்களின் பார்சல் எல்லாம் காலை வரிசையில் முதலில் இருந்தன.

கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'ஆதாரம்'. அதில், 'சென்ற ஆண்டுத் தரவு, ரைடர் 0417' என்று இருந்தது.